இரண்டு தீவு, இரண்டு அதிகாரி, ஒரு காய்ச்சல்

1918 நவம்பர் 7. நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து புறப்பட்ட 'தலூன்' என்ற கப்பல், பசிபிக் கடலில் இருக்கும் மேற்கு சமோவாவின் (இன்றைய சமோவா) அப்பியா துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. உலகம் முழுக்க ஃப்ளூ என்ற விஷக்காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். கப்பலிலும் காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். வழியில் ஃபிஜியில் அந்தக் கப்பலுக்குத் தடை போட்டிருந்தார்கள். அப்பியாவில் எந்தத் தடையும் இல்லை. நோயாளிகள் இறங்கி ஊருக்குள் போனார்கள். அடுத்த சில வாரங்களில், சுமார் 38,000 பேர் வாழ்ந்த அந்த நாட்டில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு 22 பேர். சடங்கு செய்யக்கூட நேரமில்லை. பாயில் சுற்றிய உடல்களை லாரியில் ஏற்றிப்போய், ஒரே குழியில் புதைத்தார்கள்.

நூறு கிலோமீட்டருக்கும் குறைவான கடலைத் தாண்டினால் அமெரிக்க சமோவா. அதே மக்கள், அதே மொழி, கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பங்கள். அங்கே அந்தக் காய்ச்சலுக்கு ஒருவர்கூட இறக்கவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டுக் கப்பல் மஞ்சள் கொடி ஏற்றி நிற்கும். 'இங்கே நோய் இல்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள்' என்று அதற்குப் பொருள். யாருக்காவது காய்ச்சல் உண்டா, வழியில் யாராவது இறந்தார்களா என்று கேட்கும் படிவத்தை கேப்டன் நிரப்பித் தருவார். நாங்கள் கையெழுத்துப் போடும்வரை யாரும் கரையில் கால் வைக்க முடியாது. கப்பல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் பணம் போகும் என்பதால், "சீக்கிரம் விடுங்க சார்" என்று ஏஜென்ட் பின்னாலேயே வருவார். சமோவா கதையை நான் அந்த நெருக்கடியோடு சேர்த்தே படிக்கிறேன். கதவை மூடுவதற்கு அறிவைவிட அதிகம் தேவைப்படுவது, கெட்ட பெயரைத் தாங்கும் மனசு.

அமெரிக்க சமோவாவின் ஆளுநர் ஜான் போயர், கடற்படைக்காரர். கம்பியில்லாத் தந்தியில் வந்த செய்திகளிலிருந்தே ஆபத்தைப் புரிந்துகொண்டார். வந்த கப்பல்களைத் தடுத்து வைத்தார். மேற்கு சமோவாவோடு போக்குவரத்தை நிறுத்தினார். ஊர்க்காரர்களே கரையோரம் காவல் நின்று, வந்த படகுகளைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிய படகில் இருந்தது சொந்தக்காரர்களாகவும் இருக்கலாம். உத்தரவு ஆளுநருடையது என்றாலும், ஊர் நம்பாவிட்டால் அது வெறும் காகிதம்தான்.

மேற்கு சமோவாவை 1914-இல் ஜெர்மனியிடமிருந்து நியூசிலாந்து கைப்பற்றியிருந்தது. அதன் நிர்வாகி ராணுவ அதிகாரி ராபர்ட் லோகன். கப்பலைத் தடுக்காதது முதல் தவறு. சாவு பெருகிய பிறகு, மருத்துவ உதவி தருவதாகப் பக்கத்துத் தீவிலிருந்து போயர் தெரிவித்ததை ஏற்காதது அதைவிடப் பெரிய தவறு. முதலாவதற்கு, தகவல் சரியாக வரவில்லை என்று சமாதானம் சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன சமாதானம்? பின்னர் அமைந்த விசாரணைக் குழு, நிர்வாகம் அலட்சியமாக இருந்தது என்றே கண்டது.

அந்தக் காய்ச்சலுக்கு அப்போது தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. இரண்டு பக்கமும் தீவுகள்தான், ஆகவே கடல் தந்த பாதுகாப்பும் ஒன்றே. சாவுக் கணக்கு இவ்வளவு வேறுபட, நாற்காலியில் இருந்தவர்களின் முடிவுகளே பெரும் காரணம். மேற்கு சமோவா மக்களின் கோபம் ஆறவில்லை. நியூசிலாந்து ஆட்சியை எதிர்த்த 'மாவு' இயக்கத்துக்கு அதுவும் வலு சேர்த்தது. 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்.

2019-இல் இதே சமோவாவில் தட்டம்மை பரவி 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிஞ்சுக் குழந்தைகள். அதற்கு முந்தைய ஆண்டு, தடுப்பூசி மருந்தைத் தவறாகக் கலந்ததால் இரண்டு குழந்தைகள் இறந்திருந்தன. அரசு தட்டம்மைத் தடுப்பூசித் திட்டத்தையே பல மாதம் நிறுத்திவைத்தது. மக்களின் நம்பிக்கையும் போனது. நோய் முற்றிய பிறகு, டிசம்பரில் நாட்டையே இரண்டு நாள் மூடி, தடுப்பூசி போடாத வீடுகளின் முன் சிவப்புத் துணி கட்டச் சொல்லி, வீடுவீடாகப் போய் ஊசி போட்டார்கள். சில மாதங்களில் கொரோனா வந்தபோது அரசு தயங்கவில்லை. 2020 மார்ச்சில் எல்லையை மூடியது. 2022 மார்ச் வரை ஊருக்குள் தொற்று பரவவில்லை. அதற்குள் பெரியவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

போயருக்கு அமெரிக்கக் கடற்படை 'நேவி கிராஸ்' பதக்கம் கொடுத்தது. அவர் தடுத்தது எவ்வளவு பெரிய சாவு என்று தெரிந்ததே பக்கத்துத் தீவின் கணக்கால்தான். எல்லா ஊருக்கும் அப்படி ஒரு பக்கத்துத் தீவு இருக்காது. நோய் வரவில்லை என்றால், 'இதற்கா இத்தனை கெடுபிடி?' என்று அதிகாரியைத் திட்டுவார்கள். வந்து ஓய்ந்தபின் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆறுதல் சொன்னவரைப் புகழ்வார்கள். தலைவர்களை எடைபோடும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: முதல் நோயாளி வருவதற்கு முன் நீங்கள் என்ன செய்தீர்கள்?