விண்ணில் தரவு மையங்கள் இயலுமா?

செய்திகளைத் தொகுத்துக் காப்பதும், வேண்டும்போது எடுத்து வழங்குவதும், கணித்து விடை காண்பதும் தரவு மையங்களின் பணிகளாகும். இரவு பகலின்றி இயங்கும் இம்மையங்களுக்கு மின்சாரம் பெருமளவில் தேவை. அவற்றில் எழும் வெப்பத்தைத் தணிக்கப் பல இடங்களில் நீரும் தேவை. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது, குடங்களுடன் காத்துநின்ற சென்னை மக்கள் நீரின் அருமையை நன்கறிவர். எனவே, இம்மையங்களை விண்ணிலேயே அமைத்தால் என்ன என்னும் வினா இன்று எழுந்துள்ளது.

கிண்டி தந்த முன்னோடி

விண்ணில் செய்தியைச் சேமிப்பது நமக்குப் புதிதன்று. கிண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'அனுசாட்' என்னும் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ஏவூர்தி வாயிலாக விண்ணேகியது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் இதுவே. இதன் எடை 40 கிலோ. ஓரிடத்திலிருந்து வரும் செய்தியைப் பெற்று, நினைவகத்தில் வைத்திருந்து, மற்றோரிடத்தின் மேலாகச் செல்லும்போது தரைக்கு அனுப்புவது இதன் பணி. விண்வெளித் தரவு மையத்தின் சிறு வித்து என இதனைக் கூறலாம்.

ஆற்றல் உண்டு, வெப்பமே இடர்

புவிக்கு வெளியே ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 1,361 வாட் கதிரவன் ஆற்றல் விழுகிறது. தக்க சுற்றுப்பாதையில் இரவும் முகிலும் இடையூறாகா. பத்தில் மூன்று பங்கை மின்சாரமாக்கும் தகடுகள் எனின், 1,000 கிலோவாட் பெற ஏறத்தாழ 2,500 சதுர மீட்டர்ப் பரப்பு போதும்.

ஆயின், விண் குளிர்ந்தது. ஆதலின் வெப்பம் தானே தணியும் எனக் கருதுவது பிழை. வெந்நீர்க் குடுவையின் இரு சுவர்களுக்கிடையே உள்ள வெற்றிடந்தான் சூட்டை வெளியேறவிடாது காக்கிறது. விண்வெளியும் அத்தகைய வெற்றிடமே. அங்கே காற்றும் நீரும் வெப்பத்தை ஏந்திச் செல்லா. கதிர்வீச்சாக மட்டுமே அது வெளியேறும். 27 பாகை செல்சியசில் உள்ள தகட்டின் ஒரு முகம், சதுர மீட்டருக்கு 460 வாட் அளவே வெளியிடும். எனவே 1,000 கிலோவாட் வெப்பத்தைப் போக்க, இருமுகத் தகடுகளாயினும் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் வேண்டும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முதன்மைக் குளிர்விப்பு அமைப்பே 70 கிலோவாட் அளவுக்குத்தான் அமைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மேலும், விண்கதிர்கள் நினைவகத்தின் சுழியை ஒன்றாகவும் ஒன்றைச் சுழியாகவும் மாற்றிவிடும். பழுதுற்ற பகுதியை மாற்ற ஆள் அனுப்புதலும் அரிது. ஏவும் செலவோ மிகப் பெரிது. 2030களின் நடுவில் அச்செலவு கிலோவுக்கு 200 டாலராகக் குறைந்தால், தரை மையங்களின் மின்செலவோடு ஒப்பிடத்தக்கதாகலாம் எனக் கூகுள் நிறுவன ஆய்வாளர் கணித்துள்ளனர்.

இன்று இயல்வது

2025 மே மாதத்தில் சீனா, கணிக்கும் திறனுடைய 12 செயற்கைக்கோள்களை ஏவியது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டார்கிளவுட் என்னும் அமெரிக்க நிறுவனம், என்விடியாவின் ஆற்றல்மிகு சில்லு ஒன்றை விண்ணுக்கு அனுப்பியது. இவை சோதனைகளே.

மண்ணிலுள்ள தரவு முழுவதையும் விண்ணேற்றுதல் இப்போதைக்கு இயலாது. விண்ணிலேயே பிறக்கும் தரவை அங்கேயே கணிப்பதோ இயலும், பயனும் மிக்கது. 2015 டிசம்பரில் சென்னையைச் சூழ்ந்தது போன்ற வெள்ளம் வருங்கால், படங்களையெல்லாம் தரைக்கு அனுப்பிக் காத்திராமல், நீர் சூழ்ந்த பகுதிகளை மட்டும் செயற்கைக்கோளே கணித்துரைக்குமாயின் மீட்புப் பணி விரைவுறும்.

கிண்டிப் பூங்காவை அடுத்துள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக வார்த்த எந்திரத்துடன் 2024 மே 30 அன்று சோதனை ஏவூர்தியைச் செலுத்தியது. ஏவும் செலவைக் குறைக்கும் முயற்சிகளுள் இதுவும் ஒன்று. வெப்பம், செலவு, பழுது என்னும் மூன்று தடைகளுக்கும் விடை காண்பது இயற்பியலும் கணிதமும் பயிலும் இளைஞர் கையில் உள்ளது. நாற்பது கிலோவில் தொடங்கிய பணியைத் தொடர்வது நம் மாணவர் கடனாகும்.