ஏழில் எது உசத்தி?

ஏழு பிள்ளை பெற்றவளிடம் 'எந்தப் பிள்ளை உசத்தி?' என்று கேட்டால் அடிக்க வருவாள். ஹாரி பாட்டர் ரசிகர்களைக் கேட்டால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள்!

1997-ல் முதல் புத்தகம், 2007-ல் ஏழாவது. ஜே.கே. ரௌலிங் எழுதிய இந்த ஏழில், பக்கக் கணக்குப் பார்த்தால் 2003-ல் வந்த ஐந்தாவதுக்குத்தான் பரிசு. தலைக்கு வைத்தே படுக்கலாம். பி.காம். புத்தி கணக்குத்தான் பார்க்கும் என்றாலும், என் ஓட்டு 1999-ல் வந்த மூன்றாவதுக்கு. அதாவது, அஸ்கபான் கைதிக்கு.

இத்தனைக்கும் வில்லன் வோல்டமார்ட் இதில் நேரில் தலைகாட்டுவதே இல்லை. லீவு! ஆனாலும் பயத்துக்குப் பஞ்சமில்லை. சிறைக் காவலர்களான டிமென்டர்கள் கிட்டே வந்தாலே மனசிலுள்ள சந்தோஷமெல்லாம் வற்றிவிடும். தான் பட்ட மனச்சோர்வுக்குத்தான் ரௌலிங் அப்படி உருவம் கொடுத்தார். தெளிய வைக்க மருந்து? சாக்லேட்!

ஏரிக்கரையில் டிமென்டர்கள் சூழ்ந்தபோது எதிர்க்கரையிலிருந்து யாரோ காப்பாற்றுகிறார்கள். செத்துப்போன அப்பாதான் என்று நம்புகிறான் ஹாரி. காலத்தைத் திருப்பிக்கொண்டு போய் அதே கரையில் காத்திருக்கிறான். அப்பா வரவில்லை. அப்போதுதான் உறைக்கிறது, காப்பாற்றியதே தான்தான் என்று! மந்திரக்கோலைத் தூக்குகிறான். பாய்ந்து வருகிறது ஒரு கலைமான். அப்பா மந்திரத்தில் எடுத்த அதே உருவம்.

அப்பாவைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்த இடத்தில் தொண்டை அடைக்கும். வரமாட்டார்தான். ஆனால், எங்கேயும் போய்விடவுமில்லை.

'நாலாவதுதான் உசத்தி' என்பவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வரும்போது கையில் சாக்லேட் இருக்கட்டும்!