அகரவரிசையும் ஓர் அமைப்புதான்

கணினியின் மொழியை மாற்றுவதென்றால் மெனுக்களைத் தமிழில் பார்ப்பது என்றே பலரும் நினைக்கிறோம். லினக்ஸ் கணினியில் டெர்மினலைத் திறந்து ‘லொக்கேல்’ என்று தட்டினால் அந்த நினைப்பு தவறு என்று தெரியும். அகரவரிசை, தேதி, எண், பணம், அறிவிப்புச் செய்தி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாறி வரிசையாக வந்து நிற்கும். திரைச் சொற்களின் மொழி செய்திக்கான மாறியைச் சார்ந்தது. மற்றவை கணினி தரும் விடையையே மாற்றக்கூடியவை.

அகரவரிசையை எடுத்துக்கொள்வோம். ‘சி’ எனப்படும் அடிப்படை அமைப்பு எழுத்துகளைக் குறியெண்படி அடுக்குகிறது. யூனிகோடில் ‘ன’வின் எண் ‘ந’வுக்கு அடுத்தது; ‘ர’ அதற்குப் பின்னரே வருகிறது. எனவே ‘மனம்’ முதலிலும் ‘மரம்’ பிறகும் நிற்கும். நம் அகராதிகளில் ‘மரம்’தான் முந்தும், ‘ன’ பதினெட்டாம் மெய் அல்லவா! வரிசை விதி மாறினால் சேதமும் உண்டு. லினக்ஸின் அடித்தள நூலகமான ஜிலிப்சி, 2018இல் வந்த 2.28 பதிப்பில் தன் வரிசை விதிகளைப் புதுப்பித்தது. பழைய விதிப்படி கட்டிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் தேடல் சுட்டிகள் (இன்டெக்ஸ்) அதன்பின் பிழையான விடை தரும் நிலை உருவாயிற்று. அவற்றை மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

அப்படியானால் எங்கும் ஒரே விடை தரும் ‘சி’ அமைப்பையே எல்லோரும் வைத்துக்கொள்ளலாமே என்று நிரலாளர் கேட்கலாம். நிரல் படிக்கும் கோப்புக்கு அது சரி. மனிதர் படிக்கும் பெயர்ப் பட்டியலுக்குப் பொருந்தாது. குறியெண் வரிசை எந்தத் தமிழரும் கற்ற வரிசையல்ல. சொடுக்கி மாற்ற வரைகலைத் திரை இருக்கக் கட்டளை எதற்கு என்பது இன்னொரு கேள்வி. பெரும்பாலான சர்வர்களில் அந்தத் திரையே கிடையாது. மேலும், எந்த மாறி எதை மிஞ்சும் என்பதைக் கட்டளைவரிதான் தெளிவாகக் காட்டுகிறது: ‘எல்சி ஆல்’ எல்லாவற்றையும் மிஞ்சும், அடுத்து தனி மாறிகள், கடைசியில் ‘லாங்’.

ஆகவே ‘எல்சி ஆல்’ மாறியை நிரந்தரமாக வைப்பது நல்லதல்ல. தனி மாறிகளின் பேச்சு எடுபடாமல் போகும். ஒரே ஒரு கட்டளைக்கு முன்னால் மட்டும் அதை எழுதலாம். நிலையான மாற்றத்துக்கு ‘லாங்’ மாறியை ‘லொக்கேல்சிடிஎல்’ கட்டளையால் வைத்து, வேறுபட வேண்டியதை மட்டும் தனியே குறிக்கலாம். தேர்ந்தெடுத்த அமைப்பு கணினியில் உருவாக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அவசியம். இல்லையென்றால் நிரல்கள் பெரும்பாலும் ‘சி’க்கே திரும்பிவிடும். தமிழ் மெனு, ஆங்கிலத் தேதி, இந்திய எண் பிரிப்பு என்று கலந்து வைப்பதும் குழப்பமல்ல. அவற்றைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கத்தான் இத்தனை மாறிகள் இருக்கின்றன.