பெரியவரின் குழப்பத்துக்கு மயக்க மருந்து மட்டுமா காரணம்?

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட பாட்டி, இரண்டாம் நாள் மாலை டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்கும் மகளிடம் "நீ யாரும்மா?" என்கிறார். காலையில் நன்றாகத்தான் பேசினார். வார்டு வாசலில் உறவினர்கள் முடிவே செய்துவிடுகிறார்கள்: மயக்க மருந்து ஜாஸ்தியாகிவிட்டது!

அவ்வளவு சுலபமான கணக்கு இல்லை இது. டெலிரியம் எனப்படும் இந்தக் குழப்பம் பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும். ஒரே நாளில் கூடும், குறையும். எல்லோரும் கத்திக் கலாட்டா செய்வதில்லை. சிலர் பேசாமல் சுருண்டு கிடப்பார்கள். 'அசதியில் தூங்குகிறார்' என்று விட்டுவிடுவதால் இந்த வகைதான் அதிகம் கண்ணுக்குத் தப்புகிறது.

வாரக்கணக்கில் நீடிக்கும் நினைவாற்றல் சரிவு வேறு. இதய அறுவை அல்லாத பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 1,218 பேரை ஆராய்ந்த முடிவு 1998இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஒரு வாரத்தில் 25.8 சதவீதத்தினருக்கும், மூன்று மாதத்தில் 9.9 சதவீதத்தினருக்கும் சரிவு தெரிந்தது. ஆக்ஸிஜனும் ரத்த அழுத்தமும் குறைவதுதான் காரணம் என்ற சந்தேகம் அதில் உறுதியாகவில்லை. முதுமை, நீண்ட நேர மயக்கம், குறைந்த படிப்பு, இரண்டாவது அறுவை, கிருமித்தொற்று, மூச்சுக் கோளாறு ஆகியவையே ஆரம்ப நாட்களின் சரிவோடு ஒத்துப்போயின. மூன்று மாதத்துக்குப் பின் நின்றது வயது மட்டும்.

'முதுகில் ஊசி போட்டால் போதுமே' என்பார்கள். இடுப்பு எலும்பு முறிவுக்காரர்கள் 1,600 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடத்தி, 2021இல் வெளியிட்ட ஆய்வில் முதுகு ஊசி, முழு மயக்கம் ஆகிய இரண்டு முறைக்கும் டெலிரியத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

நம் வீடுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது வலி மருந்துதான். மூளையைக் கெடுக்கும் என்று பயந்து பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம். வலியே குழப்பத்தைக் கிளப்பும். நியூயார்க் மருத்துவமனைகளில் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், இடுப்பு முறிந்தவர்களில் மார்ஃபின் வகை மருந்து மிகக் குறைவாகப் பெற்றவர்களுக்கே டெலிரியம் அதிகம் வந்தது. அதற்காக எந்த வலி ஊசியானாலும் சரி என்றில்லை. பெத்திடின் குழப்பத்தைக் கூட்டும் என்றும் அதே ஆய்வு சொன்னது. பாரசிட்டமாலை அடித்தளமாக வைத்து, முடிந்தால் நரம்பருகே மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு, மார்ஃபினைத் தேவைக்கு மட்டும் தருவது இப்போதைய போக்கு. தூக்கத்துக்கென்று டயாசிபம் கேட்டு வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. சளி, அரிப்புக்குத் தரும் பழைய ரக மாத்திரைகள் சிலவும் அப்படித்தான்.

சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகியவையும் குழப்பத்தைத் தூண்டும். கண்ணாடியையும் காது மிஷினையும் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டிலேயே விட்டு வருவோம். கண்ணும் காதும் மங்கிய முதியவருக்கு வார்டே புரியாது. அறுவை முடிந்ததும் முதலில் அவற்றை மாட்டிவிடுங்கள்.

மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே பார்க்க வரும்போது, அப்பாவுக்குச் சமீபத்தில் மறதி உண்டா, என்னென்ன மாத்திரை, தினமும் குடிப்பாரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். குடியைத் திடீரென நிறுத்துவதாலும் டெலிரியம் வரும். கூச்சப்பட்டு மறைத்தால், அதற்குத் தயாராக டாக்டருக்கு வழியில்லை.