தலைவனில்லாத படை



எறும்புகள் அணிவகுத்துச் செல்வதைக் காணும்பொழுது, அவற்றை நடத்தும் தலைவன் ஒருவன் எங்கோ இருத்தல் வேண்டும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அத்தகைய தலைவன் எவனும் இல்லை. இராணி எறும்பு முட்டையிடுமேயன்றிக் கட்டளையிடுவதில்லை. அவ்வாறாயின், வரைபடமோ வழிகாட்டியோ இல்லாத இச் சிற்றுயிர்கள் உணவுக்குச் செல்லும் குறுகிய வழியை எங்ஙனம் அறிகின்றன?

விடை தரையிலே இருக்கிறது. நடந்து செல்லும் எறும்பு மணமுள்ள இரசாயனப் பொருளொன்றைத் தன் வழியில் இட்டுச் செல்கிறது. பின்வரும் எறும்பு மணம் மிகுந்த பக்கத்தையே பெரிதும் நாடுகிறது. ஒருவர் விட்ட சுவடே மற்றவருக்கு ஏவலாகும் இம்முறையை, 1959ஆம் ஆண்டில், கறையான்களின் கட்டட வேலையை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானி கிராசே விளக்கினார்.

1989இல் பிரசெல்ஸ் நகர ஆய்வாளர்கள் ஆர்ஜென்டீன எறும்புகளைக் கொண்டு ஒரு சோதனையை வெளியிட்டனர். கூட்டிலிருந்து உணவுக்குச் செல்லும் பாலம் இரு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று மற்றதனிலும் இருமடங்கு நீளமானது. தொடக்கத்தில் எறும்புகள் இரண்டிலும் சென்றன. குறுங்கிளையிற் சென்றவை விரைவில் திரும்பின. ஆகவே அங்கே மணம் முந்திச் செறிந்தது. சிறிது நேரத்தில் பெரும்பாலானவை அக்கிளைக்கே மாறின. எனினும், முதலில் நெடுங்கிளையை மாத்திரம் கொடுத்து, அரைமணி நேரத்தின் பின் குறுங்கிளையைச் சேர்த்தபோது, அவை பெரும்பாலும் பழைய வழியிலேயே நின்றுவிட்டன. முன்னே படிந்த மணம் அவற்றைக் கட்டிப்போட்டது.

இவ்வுண்மையைக் கணனிக்குள் கொண்டுசென்றவர் இத்தாலிய அறிஞர் மார்க்கோ டொரிகோ. 1992இல் மிலானில் அவர் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வேடு இதுபற்றியதே. அவர் எடுத்துக்கொண்ட புதிர்களுள் ஒன்று வணிகனின் பயணமாகும். பல நகரங்களுக்கு ஒவ்வொரு முறை மாத்திரம் சென்று, புறப்பட்ட இடத்துக்கே மீளும் மிகக் குறுகிய சுற்று எது? நகரங்கள் 10 ஆயின் 1,81,440 சுற்றுகள் உண்டு. 15 ஆயினோ அவை 4,358 கோடியைத் தாண்டிவிடும்.

கணனியில் உலவும் எறும்பு என்பது சில விதிகளும் எண்களுமே. அடுத்த நகரத்தை அது திருவுளச் சீட்டுப்போலத் தெரிகிறது. எனினும் அண்மையான நகரத்துக்கும் மணம் மிக்க பாதைக்கும் வாய்ப்பு அதிகம். சுற்று முடிந்ததும், அது குறுகியதாயின் மிகுதியாகவும் நீண்டதாயின் குறைவாகவும் மணம் இடப்படுகிறது. அத்துடன், ஒவ்வொரு முறையும் எல்லாப் பாதைகளிலும் மணத்தின் ஒரு பங்கு ஆவியாகும்படி விதி செய்யப்பட்டுள்ளது.

இவ்விதியிலேதான் இதன் உயிர்நாடி இருக்கிறது. ஆவியாதல் இல்லையெனில், தற்செயலாக முதலில் அமைந்த சுமாரான வழியையே எல்லா எறும்புகளும் என்றும் சுற்றிவரும். ஆவியாதல் மிகுந்துவிட்டாலோ, கற்றது எதுவும் நிலைக்காது. இவ்விரண்டுக்கும் இடையே அளவறிந்து நின்றால், மிகச் சிறந்த விடை கிடைக்கும் என்ற உறுதி இல்லாவிடினும், நல்ல விடை விரைவிலே கிட்டுகிறது. பொருள்களை விநியோகிக்கும் வண்டிகளுக்குப் பாதை வகுக்கவும், தொலைத்தொடர்பு வலையமைப்புகளில் செய்திகளை வழிப்படுத்தவும் இம்முறை கையாளப்பட்டுள்ளது.

கூடி வாழ்வோர் ஒருவர் கண்டதை மற்றவருக்கு விட்டுச் செல்லவேண்டும் என்பது நாம் அறிந்ததே. பயனற்றுப்போன பழஞ்சுவடு மறையவும் இடம் வேண்டும் என்பதை இக் கணனி எறும்புகள் நமக்கு உணர்த்துகின்றன.