துணைக் கமராவின் தேவை

நிழற்படக் கலைஞர் இரண்டாவது கமரா ஒன்றை வைத்திருத்தல் வேண்டுமா என்னும் வினாவுக்கு, விலையை மட்டும் நோக்கி விடை காணல் பொருந்தாது. எடுக்கும் நிகழ்ச்சி மீண்டும் வருமா என்பதே முதலில் ஆராயத்தக்கது.

அப்பலோ 12 பயணம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1969 நவம்பரில், சந்திரத் தரையில் அலன் பீன் தொலைக்காட்சிக் கமராவைத் தற்செயலாகச் சூரியனை நோக்கித் திருப்பினார். அதன் ஒளியுணர் குழாய் பழுதுற்றது. அங்கே அதற்கு மாற்று இல்லை. நேரடிக் காட்சி அத்துடன் நின்றது. ஆயின் வீரர் இருவரும் தனித்தனியே கொண்டிருந்த ஹசெல்பிளாட் கமராக்கள் நிழற்படங்களைத் தந்தன.

மலையும் மரமும் மறுநாளும் நிற்கும். அவற்றை எடுப்பவர்க்கு ஒரு கமரா போதும். தாலி கட்டும் வேளையோ ஒருமுறையே வருவது. அதனைப் படமெடுக்கப் பொறுப்பேற்றவர்க்குத் துணைக் கமரா கடமையாகும். அது பழையதாயினும், வாடகைக்குப் பெற்றதாயினும் அமையும். முதற் கமராவின் வில்லைகள் அதற்கும் பொருந்துதல் வேண்டும்.