சுடுதண்ணி 5 விநாடி பட்டாலே தோல் வெந்துவிடும்: குழந்தைகளை காப்பாற்றும் 'மிக்சிங் வால்வு'

ஊட்டி,

ஊட்டி, குன்னூர் மாதிரி மலை ஊர்களில் சுடுதண்ணி இல்லாமல் குளியல் இல்லை. கொஞ்சம் அசந்தால் அதே தண்ணி குழந்தைகளையும், வயதானவர்களையும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். இதை தடுக்க என்ன வழி? விவரம் வருமாறு:-

எத்தனை டிகிரி ஆபத்து?

60 டிகிரி செல்சியஸ் தண்ணி சுமார் 5 விநாடி பட்டாலே பெரியவர்களுக்கே தோல் வெந்துவிடும். 70 டிகிரி என்றால் ஒரு விநாடி போதும். குழந்தைகளின் தோல் மெல்லியது. இன்னும் சீக்கிரம் புண்ணாகும். நல்ல வெயில் அடித்தால் சோலார் ஹீட்டர் தண்ணி 70 டிகிரியை தாண்டுவதும் உண்டு. கெய்சர் தானாக ஆப் ஆகும். சூரியனை ஆப் செய்ய முடியாதே!

சூட்டை குறைத்து வைக்கலாமா?

கெய்சரை எப்போதும் 40 டிகிரியிலேயே வைத்தால் வேறு சிக்கல். 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தேங்கிய தண்ணியில் 'லெஜியோனெல்லா' கிருமி வளரும். ஷவர் சாரலோடு மூச்சில் போனால் நிமோனியா வரலாம். எனவே தொட்டியில் 60 டிகிரி இருக்கட்டும். குழாய்க்கு வரும்போது குறைப்பதுதான் சரி.

வால்வு செய்யும் வேலை

சாதாரண மிக்சர் குழாயில் நாம்தான் திருகி சூட்டை சரிபார்க்க வேண்டும். குளிக்கும்போது வீட்டில் வேறு யாராவது குழாயை திறந்தால் பச்சைத்தண்ணி வேகம் குறைந்து, சுடுதண்ணி அப்படியே தலையில் கொட்டும்.

'தெர்மோஸ்டாடிக் மிக்சிங் வால்வு' அப்படி விடாது. உள்ளே மெழுகு அடைத்த சின்ன குப்பி இருக்கும். சூடு ஏறினால் மெழுகு விரிந்து சுடுதண்ணி வழியை நெருக்கும். ஆறினால் சுருங்கி வழிவிடும். பச்சைத்தண்ணி அடியோடு நின்றால் சுடுதண்ணியையும் அடைத்துவிடும். குளிக்க 40 டிகிரி அளவில் செட் செய்தால் போதும்.

வாங்கும்போது 'தெர்மோஸ்டாடிக்' என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டு தண்ணி வேகத்துக்கு ஒத்துவருமா என்றும் விசாரிக்க வேண்டும். உப்பு படிந்தால் வால்வு இறுகிவிடும். வருடம் ஒருமுறை பிளம்பரை வைத்து சோதிப்பது அவசியம்.

வால்வு இல்லாத வீட்டில்...

பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணி, அப்புறம்தான் சுடுதண்ணி. முழங்கையை நனைத்து பார்த்த பிறகே குழந்தை மீது ஊற்ற வேண்டும். பாத்ரூமில் குழந்தையை தனியாக விடக்கூடாது.

சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய் தண்ணியில் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், நெய், ஐஸ் எதுவும் வைக்கக்கூடாது. சுத்தமான துணியால் மூடி உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போக வேண்டும்.